அடித்தள அறையில் சீலிங் டைல்: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சரிவில் கட்டிய வீடுகள் பல தெருப் பக்கம் ஒரு மாடியாகவும் தோட்டப் பக்கம் இரண்டு மாடியாகவும் நிற்கும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருளம், எங்கே போனாலும் இந்த அமைப்பைப் பார்க்கலாம். கீழே கிடைக்கும் அந்த அறைக்கு மூன்று பக்கம் வெளிச்சம் வந்தாலும் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும். தலைக்கு மேலே கான்கிரீட் தளமும் குளியலறைக் குழாய்களும் போகும். அதை மறைக்கத்தான் பெரும்பாலோர் சட்டம் தொங்கவிட்டு டைல் போடுகிறார்கள்.

இப்படிப்பட்ட அறையில் டைல் கெட்டால் பழுது பெரும்பாலும் டைலில் இருக்காது. அதற்கு மேலேயோ, பின்சுவரிலோ, சட்டம் கட்டிய விதத்திலோ இருக்கும். அதனால் எந்தக் கோளாறானாலும் முதல் வேலை ஒன்றுதான்: டைலைத் தூக்கி, டார்ச் அடித்து, மேலே பாருங்கள். பார்க்காமல் புது டைல் வைத்தால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே கறை வரும்.

தூக்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. 1960-களிலும் 70-களிலும் கட்டிய வீடுகளில் பழைய கூரைத் தகடும் சீலிங் பலகையும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்டாக இருக்கலாம். தென்னாப்பிரிக்கா 2008-இல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது. ஏற்கெனவே பொருத்தியவை அப்படியே நிற்கின்றன. சாம்பல் நிறத்தில், கடினமாக, நார் தெரியும் பழைய பலகையைக் கண்டால் துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அகற்றுவது பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டிய வேலை.

புது டைல் சில வாரங்களிலேயே நடுவில் தொய்கிறது

நேரான அலுமினியப் பட்டையை டைலின் அடியில் வைத்து நடுவில் எத்தனை மி.மீ. இறங்கியிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அறை முழுவதும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் காற்றின் ஈரம் காரணம். ஒரு மூலையில் மட்டும் என்றால் நீர்க்கசிவு. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

மினரல் ஃபைபர் டைலில் நாரைப் பிணைப்பது பெரும்பாலும் மாவுப்பசை. ஈரம் ஏறினால் அது இளகும், டைல் தன் எடைக்கே வளையும். டர்பனில் ஜனவரி, பிப்ரவரியில் மூடிக் கிடக்கும் கீழ் அறையின் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். பெட்டியின் மேல் ஈரப்பதத் தாக்குப்பிடிப்பு 70 என்று அச்சிட்டிருக்கும் டைல் உலர்ந்த அலுவலகங்களுக்குத்தான் ஏற்றது. கடலோரத்தில் 90 அல்லது 95 என்று இருப்பதையே வாங்குங்கள், இல்லாவிட்டால் வினைல் ஒட்டிய ஜிப்சம் டைலுக்குப் போங்கள். 1200 × 600 மி.மீ. டைல் 600 × 600 மி.மீ. டைலைவிட எளிதில் தொய்யும். அடித்தளத்துக்குச் சதுர டைலே நல்லது.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. வெப்பத்துக்கும் சத்தத்துக்கும் என்று கண்ணாடி நார்ப் போர்வையை டைலின் முதுகில் விரித்திருப்பார்கள். பல டைல்கள் அந்த எடைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. போர்வையைத் தளத்தின் அடியோடு சேர்த்துக் கட்டுங்கள். இரண்டாவது, பூச்சு வேலை காயும் முன்பே டைல் ஏற்றியிருப்பார்கள். புதிதாகப் பூசிய சுவர் வாரக்கணக்கில் நீராவி விடும். சுவர் காய்ந்த பிறகே பெட்டிகளை அறைக்குள் கொண்டுவந்து, திறந்து, தட்டையாக அடுக்கி, குறைந்தது ஒரு நாள் வைத்திருந்து பிறகு ஏற்றுங்கள். ஒருமுறை தொய்ந்த டைல் நிமிராது. திருப்பிப் போட்டுச் சமாளிக்கவும் முடியாது, முகம் ஒரு பக்கம்தான்.

பழுப்புக் கறை

இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். கறையின் விளிம்பைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, டைலின் முதுகில் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் கசிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. வளையத்துக்குள் வளையமாக இருந்தால் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வந்திருக்கிறது. அதாவது எப்போதாவது மட்டும் வரும் நீர். தொடர்ந்து ஈரமாகவே இருந்தால் அழுத்தத்தில் உள்ள குழாயைச் சந்தேகியுங்கள். கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் குழாயின் அடிப்பக்கமாகவும் தளத்தின் விரிசல் வழியாகவும் ஒன்றிரண்டு மீட்டர் ஓடி வந்து சொட்டும்.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். ஒரு படி முடிந்த பிறகே அடுத்தது.

1. வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, வாசல் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடாமல் இருங்கள். எண் நகர்ந்தால் அழுத்தக் குழாயில் கசிவு. கீசரின் வால்வும் அடித்தட்டும் இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டியவை.

2. மீட்டர் நகரவில்லை என்றால் கழிவுநீர்ப் பக்கம். குளியல் தொட்டியில் தண்ணீரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்து விடுங்கள். அரை மணி பொறுத்துக் கீழே பாருங்கள். பிறகு ஷவரை வடிகால் வாயில் மட்டும் விடுங்கள், அதன் பின் சுவர் ஓடுகளின் மேல் அடியுங்கள். முன்னதில் சொட்டினால் வடிகால் இணைப்பு, பின்னதில் மட்டும் சொட்டினால் ஓட்டு இடுக்கின் பூச்சு போய்விட்டது. கழிப்பறைப் பீங்கானின் கழுத்து வளையத்தைக் கடைசியாகச் சோதியுங்கள்.

3. மழைக்கு மட்டும் வந்தால் வெளியே போங்கள். தோட்டக் குழாயால் சுவரின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு உயரத்திலும் பதினைந்து நிமிடம் நீர் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் வழிந்து எது ஓட்டை என்றே தெரியாமல் போகும். பால்கனி, படிக்கட்டு, சுவரை ஒட்டி உயர்த்திய பூச்செடி மேடை, இந்த மூன்றும் அடிக்கடி அகப்படுபவை.

4. ஏர்கண்டிஷனர் உள்ள வீட்டில் அதன் செப்புக் குழாயையும் வடிகுழாயையும் தடவிப் பாருங்கள். கருப்பு ரப்பர் உறை இணைப்பில் விலகியிருந்தால் வெறும் செம்பு வியர்க்கும். வடிகுழாய் நடுவில் தொங்கினால் அங்கே நீர் தேங்கிப் பின்னால் வழியும். கோடையில் மட்டும் கறை வளர்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பின்சுவரை ஒட்டிய வரிசை மட்டும் கறைபட்டால் சுவர் மண்ணின் ஈரத்தை இழுக்கிறதா என்று தெரிய வேண்டும். அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் பொருத்தி இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்புறம் நீர் கோத்தால் அது மண்ணிலிருந்து வருகிறது; முன்புறம் கோத்தால் அறைக் காற்றின் ஈரம். முதலாவது என்றால் வெளிப்புற வடிகாலும் நீர்த்தடைப் பூச்சும் சரியாகும் வரை சீலிங் வேலையை நிறுத்தி வையுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நட்டாலில் சரிவுகள் எப்படி நீர் குடித்துச் சரிந்தன என்று எல்லோரும் பார்த்தோம். மேட்டின் அடியில் இருக்கும் சுவரில் புதிதாக விரிசலும் ஈரமும் சேர்ந்து தெரிந்தால் சீலிங் ஆளைக் கூப்பிட வேண்டாம், கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கசிவு நின்று, காய்ந்து, டைல் வளையாமல் இருந்தால் மட்டும் பெயிண்ட் அடிக்கலாம். நீர்க் கலவை பெயிண்ட்டில் பழுப்பு மறுபடி ஊறி வெளியே வரும்; முதலில் எண்ணெய் அடிப்படையிலான கறைத்தடுப்புப் பிரைமர் ஒரு கை. துளையுள்ள டைலில் கனமாக அடித்தால் துளை அடைந்து சத்தம் உறிஞ்சும் தன்மை போய்விடும்.

தொங்கு கம்பி கழன்று ஒரு பக்கம் இறங்குகிறது

இங்குள்ள வீடுகளில் மேல்தளம் பெரும்பாலும் ஒரே கான்கிரீட் வார்ப்பு இல்லை. ‘ரிப் அண்ட் பிளாக்’: முன்னழுத்தக் கம்பி வைத்த மெல்லிய கான்கிரீட் விட்டங்கள் சுமார் அரை மீட்டருக்கு ஒன்றாக ஓடும், இடையில் உள்ளே பொந்தான பிளாக்குகள் இருக்கும், மேலே வார்ப்பு. சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். பிளாக் ‘டொக் டொக்’ என்று ஒலிக்கும், விட்டம் கெட்டியாக இருக்கும்.

பொந்துள்ள பிளாக்கில் சாதாரண நைலான் பிளக் அடித்தால் பிடிக்க எதுவும் இல்லை. மெல்லிய ஓடு உள்ளே உடைந்து, பிளக் சில மாதத்தில் வழுக்கி வெளியே வரும். சரி என்று விட்டத்திலேயே ஆழமாகத் துளைத்தால் ஆபத்து பெரிது. இழுவிசையில் இருக்கும் கம்பி அறுந்தால் வீட்டின் தளமே பலம் இழக்கும். தளம் செய்த நிறுவனம் எவ்வளவு ஆழம் துளைக்கலாம் என்று எழுத்தில் தந்திருந்தால் தவிர விட்டத்தைத் தொட வேண்டாம். பிளாக்கில் ஹேமர் இயக்கத்தை நிறுத்திவிட்டு, சுழற்சியில் மட்டும் மெதுவாகத் துளைத்து, உள்ளே இறக்கை விரியும் டாகிள் போல்ட் போடுங்கள். வார்ப்புத் தளம் என்றால் உலோக விரிவு ஆங்கர் போதும். நெருப்பில் நைலான் உருகிவிடும் என்பதால் அங்கேயும் உலோகமே மேல்.

சுமையைக் கணக்கிடுவது எளிது. டைலும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ. கம்பிகள் இரு திசையிலும் 1200 மி.மீ. இடைவெளியில் இருந்தால் ஒரு கம்பி 1.44 சதுர மீட்டரைத் தாங்கும், அதாவது 7 முதல் 12 கிலோ. விளக்குப் பெட்டியை இதில் சேர்க்காதீர்கள், அதற்குத் தளத்திலிருந்து தனிக் கம்பி. தண்ணீர்க் குழாயிலோ மின்குழாயிலோ சட்டத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால் இன்றைக்கே அவிழ்த்து மாற்றுங்கள்.

சட்டம் அலை அலையாகத் தெரிகிறது

தரையிலிருந்து அளந்து வால் ஆங்கிள் (சுவரோரம் சட்டத்தைத் தாங்கும் ‘L’ வடிவப் பட்டை) அடித்திருப்பார்கள். அடித்தளத் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவு அப்படியே மேலே ஏறிவிடும். லேசர் அல்லது டியூப் லெவலால் நான்கு சுவரிலும் மட்டம் குறித்து, எதிரெதிர் ஆங்கிள்களுக்கு இடையே நூல் கட்டி, ஒவ்வொரு கம்பியாக ஏற்றி இறக்குங்கள். நூலை மெயின் டீ (சட்டத்தின் ‘T’ வடிவ நீளப் பட்டை) தொடக் கூடாது, இரண்டு மி.மீ. விட்டு நிற்க வேண்டும்; தொட்டால் நூலே தள்ளப்பட்டுப் பொய் சொல்லும். கம்பி செங்குத்தாக இருக்கட்டும். குழாயைத் தவிர்க்கச் சாய்த்துக் கட்டிய கம்பி டீயைப் பக்கவாட்டில் இழுத்து முறுக்கும். சாய்க்காமல் தீராது என்றால் எதிர்ப்பக்கம் இன்னொரு கம்பி கட்டிச் சமன் செய்யுங்கள். முனையைச் சுற்றி மூன்று முழு முறுக்கு. மெயின் டீயின் ஒட்டு விழும் இடத்துக்கு அருகே ஒரு கம்பி அவசியம்.

டைல் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அல்லது கீழே விழுகிறது

சட்டம் மூலைமட்டத்தில் இல்லை. 600 × 600 கட்டத்தில் மூலைக்கு மூலை போகும் குறுக்குக்கோடு இரண்டும் 848 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 1200 × 600 கட்டத்தில் 1342. ஒரே கட்டத்தின் இரு கோடுகளுக்கும் வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் போனால் டைல் உட்காராது. முதல் இரண்டு கட்டங்களை இப்படி அளந்து சரிசெய்தால் மற்றவை தாமாகப் பின்தொடரும். கடைசி வரிசையில் கண்டுபிடித்தால் முதலிலிருந்து கழற்ற வேண்டும், வேறு வழி இல்லை. சுவரை நம்பி அளக்காதீர்கள். மண்ணைத் தாங்கும் சுவர் நேராக இருப்பது அபூர்வம்.

ஓரத் துண்டு விழுவதற்குக் காரணம் வேறு: சிறிதாக வெட்டியிருப்பார்கள். சுவர் முகத்திலிருந்து டீயின் நடுத்தண்டு வரை அளந்து 6 மி.மீ. கழித்து வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும், வெட்டிய விளிம்பு சுவர்ப் பக்கம் போக வேண்டும். வினைல் ஜிப்சத்தை முகப்பக்கம் கத்தியால் கீறி, பின்பக்கம் மடக்கி உடைத்து, காகிதத்தை அறுக்கலாம். மினரல் ஃபைபரை முகம் மேலே இருக்க, புது பிளேடால் இரண்டு மூன்று இழுப்பில் வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு ஓரத்தைப் பிய்க்கும்.

ஒரு சுவர் ஓரம் விரற்கடைத் துண்டு, வாங்கிய டைலும் போதவில்லை

ஒரு சுவரில் முழு டைலோடு தொடங்கியதன் விளைவு. 6.0 × 4.3 மீட்டர் அறையை எடுத்துக்கொள்வோம். 4300-ஐ 600-ஆல் வகுத்தால் 7 முழு டைலும் 100 மி.மீ. மிச்சமும். ஒரு முழு டைலைக் குறையுங்கள்: 100 + 600 = 700, அதில் பாதி 350. ஆக, 6 முழு டைல், இரு ஓரமும் 350. நீளவாக்கில் 6000 சரியாக 10 டைலுக்கு வகுபடும். கோணல் சுவரில் அந்தச் சரியான வகுத்தல்தான் தொல்லை, விட்டுக்கொடுக்க இடம் இராது. 9 முழு டைல், இரு முனையிலும் 300 என்று வையுங்கள்.

இந்த அறைக்கு ஆகும் பொருள்: 3.6 மீட்டர் மெயின் டீ 6 (சுவரிலிருந்து 950, 2150, 3350 மி.மீ.யில் மூன்று வரிசை), 1200 மி.மீ. கிராஸ் டீ (குறுக்குப் பட்டை) 40, 600 மி.மீ. கிராஸ் டீ 40. 3 மீட்டர் வால் ஆங்கிள் 8. தொங்கு கம்பி 15, ஒவ்வொரு மெயின் டீக்கும் ஐந்து, முதலாவது சுவரிலிருந்து 600 மி.மீ.க்குள். டைல் 80 வேண்டும். உடைசலுக்கும் பின்னாள் மாற்றத்துக்கும் சேர்த்து 86 வாங்குங்கள். பரப்பளவை 0.36-ஆல் வகுத்தால் 72 தான் வரும். 350 மி.மீ. ஓரத் துண்டுக்கு ஒரு முழு டைல் செலவாவதை அந்தக் கணக்கு சொல்லாது. டைல் போதாமல் போவது அதனால்தான். மிச்சத்தை அதே அறையின் ஈரத்தில் வைக்காமல் மேல்மாடியில் தட்டையாக அடுக்கி வையுங்கள். சில வருடம் கழித்து அதே வெள்ளை கடையில் கிடைக்காது.

டைலை உள்ளே நுழைக்க இடமில்லை

சாய்த்து ஏற்றிப் படுக்க வைக்கச் சட்டத்துக்கு மேலே 100 மி.மீ. வேண்டும், பெட்டி விளக்கு இருந்தால் 150. தென்னாப்பிரிக்கக் கட்டட விதிகளில், எஸ்.ஏ.என்.எஸ். 10400 என்ற தேசியத் தரநிலையின் ‘சி’ பகுதிப்படி, குடியிருக்கும் அறைக்குப் பொதுவாக 2.4 மீட்டர் உயரம் வேண்டும். நடைவழிக்கும் குளியலறைக்கும் 2.1 மீட்டர். இந்த அளவு சீலிங் முடிந்த பிறகு இருக்க வேண்டியது. தளத்தின் அடி 2.45 மீட்டர்தான் என்றால் தொங்கு சீலிங்கை மறந்துவிடுங்கள். 38 × 38 மி.மீ. பிராண்டரிங் கட்டையை (சீலிங் பலகை அடிக்கும் மரச்சட்டம்) தளத்தில் நேரடியாக அடித்து மெல்லிய பலகை போடுங்கள். ரிப் அண்ட் பிளாக் தளத்தில் இதற்கும் துளைக்கும் விதி மேலே சொன்னதுதான். வால்வு, மின் இணைப்புப் பெட்டி, கழிவுக்குழாயின் திறப்பு மூடி, இந்த மூன்றுக்கும் அடியில் திறக்கும் கதவு வையுங்கள். அதை மறந்து மூடியவர்கள் பிறகு பலகையை அறுத்துத்தான் திறக்கிறார்கள்.

துரு

மெரேபாங்க், ஐசிபிங்கோ போலக் கடலுக்கு அருகே உப்புக்காற்று வெட்டிய முனைகளைத் தேடிப் பிடிக்கும். வெட்டிய ஒவ்வொரு முனைக்கும் துத்தநாகப் பெயிண்ட் தொட்டு வையுங்கள், அல்லது அலுமினியச் சட்டம் வாங்குங்கள். பின்சுவர் ஆங்கிள் மட்டும் துருப்பிடித்து, அதன் மேல் வெள்ளை உப்புத்தூள் பூத்திருந்தால் அது சுவர் ஈரம். பிளாஸ்டிக் தாள் சோதனைக்குத் திரும்புங்கள்.

கரும்புள்ளியும் பூஞ்சை வாடையும்

வாடை வருகிறது, முகமோ பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது என்றால் டைலைத் திருப்பிப் பாருங்கள். வினைல் முகம் ஈரத்தைக் கீழே விடாது. முதுகில் உள்ள காகிதம் நனைந்தபடியே இருந்து அங்கே பூஞ்சை வளரும். காகிதத்தில் பிடித்த பூஞ்சையைத் துடைத்துக் காப்பாற்ற முடியாது. முகமூடி அணிந்து, பையில் கட்டி வெளியேற்றுங்கள். பிறகு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: துணி உலர்த்தும் இயந்திரத்தின் காற்றுக்குழாய் அறைக்குள்ளேயே திறந்திருக்கிறதா? குளியலறை எக்ஸாஸ்ட் விசிறி வெளியே ஊதாமல் சீலிங் இடுக்கில் ஊதுகிறதா? இரண்டும் நாம் அடிக்கடி காண்பவை. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் உதவும், கசிவுக்கு அது மருந்து ஆகாது.

சாமி விளக்குக்கு மேலே கரி

கீழ் அறையில் சாமி மாடம் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. புரட்டாசி விரதத்திலும் காவடி நாட்களிலும் கற்பூரமும் எண்ணெய் விளக்கும் மணிக்கணக்கில் எரியும். கரி வட்டமாகப் படிந்தால் அது புகைதான். வினைல் டைலை இளஞ்சூட்டு நீரும் சிறிது சோப்பும் தொட்ட துணியால் துடைக்கலாம். மினரல் ஃபைபரை ஈரத்துணியால் தொட்டால் கரி உள்ளே ஊறும், உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். வட்டமாக இல்லாமல் டைல் ஓரங்களில் கோடுகோடாகக் கருத்திருந்தால் இடுக்கு வழியாகக் காற்று மேலே ஏறி, போகிற வழியில் தூசியை வடிக்கிறது; ஆங்கிளுக்கும் சுவருக்கும் இடையே சீலண்ட் போடுங்கள்.

மாடத்துக்கு மேலே தெர்மாகோல் டைல் இருந்தால் அதைக் கழற்றும் வரை அங்கே விளக்கேற்ற வேண்டாம். அது உருகி, எரிந்தபடியே சொட்டும். பி.வி.சி. டைலும் சூட்டில் வளைந்து, எரிந்தால் நச்சுப்புகை விடும். அந்த இடத்துக்கு ஜிப்சம் போடுங்கள், வெளியே திறக்கும் எக்ஸாஸ்ட் விசிறி ஒன்றும் வையுங்கள்.

கதவு மூடினால் டைல் படபடக்கிறது

ஓரத்து டைல்களுக்குப் பிடிகிளிப் போடுங்கள்; வால்வுக்கு அடியில் உள்ளதை மட்டும் கிளிப் இல்லாமல் விட்டு, சட்டத்தில் சின்னக் குறி வையுங்கள். மேல்மாடிக் காலடிச் சத்தத்தை டைல் நிறுத்தாது. மேலே கம்பளமோ ரப்பர் விரிப்போ போட்டால்தான் குறையும்.

சீலிங் போட்ட பிறகு எர்த் லீக்கேஜ் (மின்கசிவு சுவிட்ச்) விழுகிறது

மெயின் சுவிட்சை அணையுங்கள். அணைக்காமல் சட்டத்தைத் தொட வேண்டாம். தகரக் கத்திரியால் வெட்டிய டீயின் முனை கத்தி போல் கூராக இருக்கும். அதன் மேல் படுத்திருக்கும் ஒயரின் உறையை அது அறுத்திருக்கலாம், சட்டம் முழுவதும் மின்சாரம் ஏறியிருக்கலாம். மழை நாளில் மட்டும் விழுந்தால் சீலிங்குக்கு மேலே மூடியில்லாத இணைப்புப் பெட்டியில் ஈரம் இறங்கியிருக்கும். சுவிட்சை மறுபடி மறுபடி தூக்கிப் பார்க்காதீர்கள், 30 மில்லி ஆம்பியரில் அது விழுவது உங்கள் உயிரைக் காக்கத்தான். பதிவுபெற்ற மின் பணியாளரை அழைத்து, ஒயர்களைச் சட்டத்தின் மேல் கிடத்தாமல் தளத்தில் கிளிப் அடித்துத் தூக்கச் சொல்லி, வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழை எழுதி வாங்குங்கள். வீட்டை விற்கும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். தீ விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரரும் கேட்பார்.